கரிசல் ரோட்டில் பழைய புல்லட்

திருமங்கலத்தைத் தாண்டித் தெற்கே கள்ளிக்குடிப் பக்கமோ, தென்மேற்கே பேரையூர்ப் பக்கமோ ஊர்ச் சாலைகளில் பைக் ஓட்டியவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். சாலையில் குழி ஒன்றுகூட இருக்காது. தார் போட்டு அதிக நாள் ஆகியிருக்காது. ஆனாலும் அறுபதில் போகும்போது வண்டி மெல்ல ஏறி, மெல்ல இறங்கி, மறுபடி ஏறி, ஒரு கட்டத்தில் சீட்டிலிருந்து உடம்பு எழும்ப ஆரம்பிக்கும். காரணம் தாருக்கு அடியில் கிடக்கும் கரிசல். மழைக்காலத்தில் தண்ணீரைக் குடித்து உப்பும். சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டுச் சுருங்கும். மேலே போட்ட தார் அதன் போக்குக்கே வளைந்து கொடுத்து, நீளநீளமான மேடு பள்ளங்களாக மாறிவிடும்.

வடகிழக்கே மேலூர்ப் பக்கம் போனால் கதையே வேறு. அங்கே செம்மண், சரளை, பாறை. சாலை அலை அடிக்காது, உடையும். கல் லாரிகள் போய்வந்த இடங்களில் ஓரம் கூரான குழிகள். மதுரை நகருக்குள் வந்தால் குடிநீர்க் குழாய்க்கும் பாதாளச் சாக்கடைக்கும் தோண்டி மூடிய தழும்புகள், வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடைகள். 2023 ஏப்ரலில் திறந்த நத்தம் சாலைப் பறக்கும் பாலம் 7.3 கிலோமீட்டருக்குச் சீராகப் போகிறது என்றாலும், அதன் இணைப்புகளைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் சக்கரத்துக்குச் சின்னதாய், வேகமாய் ஓர் அடி விழுகிறது.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், பழைய வண்டிக்கு சஸ்பென்ஷன் வேலை பார்க்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது கடையில் தொங்கும் ஷாக்கை அல்ல, தான் தினமும் ஓட்டும் சாலையை. கரிசல் சாலை கேட்பது ஒன்று. மேலூர்க் குழி கேட்பது இன்னொன்று.

என்னிடம் இருப்பது பெரியப்பா வாங்கிய 350 புல்லட். எழுபதுகளின் கடைசியில் திருவொற்றியூரில் செய்த வண்டி. வலப்பக்கம் கியர், இடப்பக்கம் பிரேக், 19 அங்குலச் சக்கரங்கள், முன் ஃபோர்க்கை மூடிய தகர உறை, ஹெட்லைட்டுக்கு மேலே அந்தப் பழைய தொப்பி. உசிலம்பட்டிக்கும் செக்கானூரணிக்கும் அவர் வேலைக்குப் போய்வந்த வண்டி அது. இன்ஜின் வேலை எப்போதோ நன்றாகச் செய்து வைத்திருந்தார். சஸ்பென்ஷனை மட்டும் யாரும் தொட்டதில்லை. ஓடுகிறதே, அப்புறம் என்ன என்றுதான் எல்லா வீட்டிலும் நினைப்பார்கள். ஷாக் ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சோரும், நம் உடம்பும் அதற்கேற்பப் பழகிக்கொள்ளும். அதனாலேயே அது போனது நமக்குத் தெரிவதில்லை.

பட்டறைகளில் சஸ்பென்ஷன் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டே வார்த்தைகள்தான். ஒன்று "ஹார்டா இருக்கு", மற்றது "சாஃப்டா இருக்கு". ஷாக்கின் வெளியே தெரிவது ஸ்பிரிங் என்பதால் பேச்சும் ஸ்பிரிங்கோடு நின்றுவிடுகிறது. ஆனால் ஸ்பிரிங் செய்வது பாதி வேலைதான். மேடு ஏறும்போது அது அமுங்கிச் சக்தியை வாங்கி வைத்துக்கொள்கிறது. மேடு தாண்டியதும் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறது. அதை அப்படியே கொடுத்தால் வண்டி எம்பும், இறங்கும், மறுபடி எம்பும். அந்தச் சக்தியைச் சூடாக்கிக் கரைத்துவிடுவது உள்ளே இருக்கும் எண்ணெய். பிஸ்டன் போகும்போது எண்ணெய் சிறு துளைகள் வழியே பிதுங்கி ஓட வேண்டும். அந்தத் தடைதான் ஆட்டத்தை அடக்குகிறது. எண்ணெய் கசிந்துபோன ஷாக்கில் எவ்வளவு நல்ல ஸ்பிரிங் இருந்தாலும் அது துள்ளத்தான் செய்யும்.

கரிசல் சாலைக்கு வருவோம். பத்து மீட்டருக்கு ஒரு மேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். அப்படியானால் சக்கரத்துக்கு அடியில் நொடிக்கு 1.7 முறை மேடு வருகிறது. ஆள் உட்கார்ந்த ஒரு மோட்டார் சைக்கிள் தன் ஸ்பிரிங்குகள் மேல் இயல்பாக ஆடுவதும் ஏறக்குறைய அதே கணக்கு, நொடிக்கு ஒன்றரை முதல் இரண்டு முறை. இரண்டும் ஒத்துப்போகும்போது ஒவ்வொரு மேடும் முந்தைய ஆட்டத்தை இன்னும் கொஞ்சம் தள்ளிவிடும். ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளுவது மாதிரி. நாற்பதுக்கு இறங்கினால் நொடிக்கு 1.1 முறைதான், ஆட்டம் அடங்கிவிடும். கள்ளிக்குடிப் பக்கத்து ஆட்கள் சில இடங்களில் தானாகவே வேகத்தைக் குறைப்பதைப் பார்த்திருக்கிறேன். கணக்குப் போட்டுக் குறைப்பதில்லை. உடம்புக்குத் தெரிந்த வேகம் அது. ஆனால் எண்ணெய் ஒழுங்காக வேலை செய்யும் ஷாக் இருந்தால் அறுபதிலும் அந்த ஆட்டம் வளராது. கரிசலுக்குத் தேவை மெதுவான அசைவை இறுக்கிப் பிடிக்கும் தடை.

மேலூர்க் குழிக்கோ, நத்தம் பாலத்து இணைப்புக்கோ இதற்கு நேர்மாறாக வேண்டும். அங்கே சக்கரம் கண் இமைக்கும் நேரத்தில் மேலே போக வேண்டும். எண்ணெய் அப்போது ரொம்பத் தடுத்தால் அந்த அடி முழுவதும் ஃப்ரேமுக்கும் முதுகுக்கும் வந்துவிடும். மெதுவாக அமுங்கும்போது இறுக்கம், வேகமாக அமுங்கும்போது நெகிழ்வு. இந்த இரண்டையும் ஒரே குழாய்க்குள் கொண்டுவருவதுதான் நல்ல ஷாக்குக்கும் மோசமான ஷாக்குக்கும் உள்ள வித்தியாசம். வெறும் துளை மட்டும் உள்ள பழைய வகையில் இது முடியாது. அழுத்தம் கூடினால் திறந்து வழிவிடும் வால்வு வேண்டும்.

புல்லட்டைப் பழைய காலத்துக் கட்டை வண்டி என்று நினைப்பவர்களுக்கு நான் ஆசையாகச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. இந்த வண்டி பேர் வாங்கியதே சஸ்பென்ஷனால்தான். எண்ணெய் அடக்கும் டெலஸ்கோப்பிக் முன் ஃபோர்க்கை 1935இல் பி.எம்.டபிள்யூ தன் ஆர் 12 வண்டியில் பெரிய அளவில் கொண்டுவந்திருந்தது. பின்சக்கரம் மட்டும் பெரும்பாலான வண்டிகளில் ஃப்ரேமோடு இறுகியே இருந்தது. ஓட்டுகிறவருக்கு ஆறுதல் சீட்டுக்கு அடியில் உள்ள ஸ்பிரிங் மட்டும். 1948இல் இங்கிலாந்தின் கோல்மோர் கோப்பைப் போட்டிக்கு ராயல் என்ஃபீல்ட் புது 350 புல்லட்டின் மாதிரி வண்டிகளைக் கொண்டுவந்தபோது அவற்றில் பின்சக்கரத்தைத் தாங்கி ஏறி இறங்கும் ஸ்விங் ஆர்மும் எண்ணெய் ஷாக்கும் இருந்தன. பின்பக்கம் அசைந்தால் சேற்றில் பிடிப்புப் போய்விடும் என்று போட்டி ஓட்டுகிறவர்கள் பலர் நம்பிய காலம் அது. அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் கோப்பையை வென்ற பிரிட்டிஷ் அணியில் இரண்டு பேர் புல்லட் ஓட்டினார்கள். இரண்டு பேருக்கும் தங்கப் பதக்கம். 1949இல் வண்டி விற்பனைக்கு வந்தது. நார்ட்டன் ஸ்விங் ஆர்ம் கொண்ட தன் புகழ்பெற்ற ஃபெதர்பெட் ஃப்ரேமைக் காட்டியது 1950இல்தான்.

ஐம்பதுகளில் நம் ராணுவம் எல்லைக் காவலுக்கு 350 புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955இல் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவை உருவாக்க, திருவொற்றியூரில் வண்டி தயாரானது. ராயல் என்ஃபீல்டின் இங்கிலாந்து ரெடிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது; நம் ஊரில் அதே வடிவம் தொடர்ந்தது. 1977இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் ஆனது. ஆக, பெரியப்பாவின் வண்டியில் இருக்கும் ஸ்விங் ஆர்ம் என்பது அந்த 1948 யோசனையின் நேர் வாரிசு. அந்த ஃப்ரேமை வெட்டி, ஒற்றை மோனோ ஷாக் பொருத்தி, புது வண்டியின் தடித்த ஃபோர்க்கை மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வழி எனக்கு ஒப்பவில்லை. யோசனை சரியாகவே இருக்கிறது, தேய்ந்துபோனவை உறுப்புகள். உறுப்புகளைச் சரிசெய்து, இன்றைக்குக் கிடைக்கும் நல்ல எண்ணெயையும் வால்வையும் அதற்குள் கொடுத்தால் போதும் என்பதுதான் என் எண்ணம்.

ஷாக் வாங்க வேண்டும் என்று பட்டறை அண்ணனிடம் போனபோது அவர் ஷாக்கைப் பார்க்கவே இல்லை. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றினார்.

"தம்பி, பின்சக்கரத்தப் பிடிச்சு அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டிப் பாருங்க."

"ஆடுதுண்ணே."

"அப்ப ஷாக்குக்கு வச்சிருக்க காச அப்படியே பாக்கெட்ல வைங்க. மொதல்ல ஸ்விங் ஆர்ம் புஷ்ஷு. அது ஆடுறப்ப எம்புட்டு நல்ல ஷாக்கு போட்டாலும் வண்டி வாலாட்டும்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. ஸ்விங் ஆர்ம் திரும்பும் இடத்தில் உள்ள புஷ் தேய்ந்தால் பின்சக்கரம் மேலும் கீழும் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் போகும். வளைவில் சாயும்போது பின்பக்கம் தனியாக ஒரு யோசனை வைத்திருப்பதாகத் தோன்றுமே, அது பெரும்பாலும் இதுதான். மதுரையில் லேத் வேலைக்குப் பஞ்சம் இல்லை. டி.வி.எஸ். காலத்திலிருந்து பஸ்ஸும் பட்டறையுமாக வளர்ந்த ஊர். டர்னர் ஒருவர் கன்மெட்டலில் புதுப் புஷ் கடைந்து, ஸ்பிண்டிலுக்குத் தக்கபடி ரீமர் விட்டு, கிரீஸ் போக ஒரு பள்ளமும் வெட்டிக் கொடுத்தார். போல்ட்டை முறுக்கிய பிறகு ஸ்விங் ஆர்ம் தன் எடையில் மெல்ல இறங்க வேண்டும். பக்கவாட்டில் துளியும் அசையக் கூடாது. இந்த இரண்டையும் கையால் உணரும் வரை அவர் விடவில்லை. அந்த நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

அடுத்து ஹேண்டில் பாருக்குக் கீழே உள்ள கோன் செட். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை இரு பக்கமும் மெதுவாகத் திருப்பிப் பார்த்தால், நடுவில் ஓர் இடத்தில் 'டக்' என்று உட்காரும். பால்கள் கிண்ணத்தில் குழி போட்டுவிட்டன என்று அர்த்தம். நேராகப் போகும்போதெல்லாம் வண்டி அந்தக் குழியைத் தேடிக்கொண்டே போகும். பாலுக்குப் பதில் டேப்பர் ரோலர் பேரிங் போடுவது பழைய புல்லட்காரர்கள் நெடுநாளாகச் செய்யும் காரியம். சுமை ஒரு புள்ளியில் இல்லாமல் ஒரு கோட்டில் விழுவதால் குழி விழுவது குறையும். வெளியே பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது. எனக்குப் பிடித்த மேம்பாடு என்பது இதுதான்.

இவை முடிந்த பிறகுதான் ஃபோர்க்.

பழைய புல்லட்டின் ஃபோர்க் தகர உறைக்குள் மறைந்து கிடப்பதால் அது எப்படி இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் அடியில் கறுப்பாக, சேறு மாதிரி கொஞ்சம் எண்ணெய் கிடக்கும். குழாயில் குரோம் உரிந்து துருப்புள்ளிகள் இருந்தால் எத்தனை ஆயில் சீல் மாற்றினாலும் கசியும். அந்தப் புள்ளி சீலின் உதட்டைக் கீறிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட குழாயை ஹார்டு குரோம் போட்டு, கிரைண்டிங் செய்து, பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இதைத் தவிர்க்கக் குறுக்குவழி எதுவும் கிடையாது. குழாய் நேராக இருக்கிறதா என்பதையும் அதோடு பார்த்துவிட வேண்டும். ஏதோ ஒரு காலத்தில் எங்கோ மோதிய வண்டிகள் நிறைய. வி பிளாக்கில் வைத்துச் சுற்றினால் வளைவு தெரிந்துவிடும்.

ஃபோர்க் ஸ்பிரிங் விஷயத்தில் ஊரில் நடக்கும் இரண்டு காரியங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்று, சோர்ந்த ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு துண்டுக் குழாயை வைத்து இறுக்குவது. இதனால் வண்டியின் முன்பக்கம் உயரும், ஆனால் ஸ்பிரிங்கின் பலம் கூடாது. முதலில் கொஞ்சம் அமுக்கி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். அளவோடு செய்தால் தவறில்லை. என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும். இன்னொன்று, ஸ்பிரிங்கை வெட்டுவது. வெட்டினால் சுற்று குறையும், சுற்று குறைந்தால் ஸ்பிரிங் இறுகும், ஆனால் உயரமும் போய்விடும். ஸ்பிரிங்கின் பலம் கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் மாறும் என்பதை நினைவில் வைத்தால் நல்லது. மற்ற அளவுகள் அப்படியே இருக்க, கம்பி விட்டத்தில் 10 சதவீதம் கூடினால் பலம் 46 சதவீதம் கூடிவிடும். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம், முதுகுக்கு நன்றாகத் தெரியும். அதனால் பேர் தெரியாத ஸ்பிரிங்கைக் "கொஞ்சம் தடிப்பு, நல்லா இருக்கும்" என்று யாராவது கொடுத்தால் நான் வாங்க மாட்டேன்.

நான் போட்டது பழைய அளவிலேயே வந்த புது ஸ்பிரிங், புது சீல், புது புஷ். எண்ணெய் மட்டும் ஒரு படி கனம். நம் ஊர் வெயிலுக்கு அது தேவைப்படுகிறது. மே மாதம் பகல் இரண்டு மணிக்கு வாடிப்பட்டி நான்கு வழிச்சாலையில் போகும்போது சுற்றிலும் நாற்பது டிகிரி, கீழே தார் அதைவிடச் சூடு. சூட்டில் எண்ணெய் நீர்த்துப்போகும். காலையில் சரியாக இருந்த ஃபோர்க் மதியம் துள்ளும். பட்டறைகளில் மிச்சமிருக்கும் இன்ஜின் ஆயிலையே ஊற்றுவது பழக்கம். வண்டி ஓடும்தான். ஆனால் ஃபோர்க் ஆயிலில் நுரையை அடக்கும் சேர்மானம் இருக்கிறது, நுரைத்த எண்ணெயால் எதையும் அடக்க முடியாது. இரண்டு காலிலும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். பாட்டிலில் பார்த்து ஊற்றினால் போதாது, ஸ்பிரிங் போடாமல் ஃபோர்க்கை முழுக்க அமுக்கி வைத்து, மேலிருந்து எண்ணெய் மட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கம்பி விட்டு அளக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் 10ஆம் எண் எண்ணெயும் இன்னொன்றின் 10ஆம் எண்ணும் ஒரே கனத்தில் இருப்பதில்லை. ஒன்றைப் பிடித்தால் அதிலேயே நிற்பது நல்லது.

இப்போது பின்ஷாக். "கேஸ் ஷாக் போட்டா மெத்துன்னு இருக்கும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். கேஸ் மெத்தைக்காக இல்லை. ஷாக்குக்குள் எண்ணெயோடு காற்றும் இருந்தால், பிஸ்டன் வேகமாகப் போய்வரும்போது இரண்டும் கலந்து நுரைத்துவிடும். குண்டும் குழியுமான சாலையில் பத்து நிமிடம் ஓட்டிய பிறகு பழைய ஷாக் திடீரென்று உயிரில்லாமல் போவதற்கு இதுதான் காரணம். நைட்ரஜனை அழுத்தத்தில் அடைத்து வைத்தால் நுரை கட்டாது. பிரான்ஸின் தே கார்போன் ஐம்பதுகளில் கார்களுக்காக இதைச் செய்துகாட்டினார். நம் ஊருக்கு வர நாள் பிடித்தது. 2009இல் வந்த கிளாசிக் புல்லட்டில் 35 மில்லிமீட்டர் குழாய் ஃபோர்க்கும், பின்னால் 80 மில்லிமீட்டர் அசைவும் ஐந்து படி சரிசெய்யும் வசதியும் கொண்ட கேஸ் ஷாக்கும் இருந்தன. பழைய புல்லட்காரர்களின் கண் அதன் மேல் விழுந்ததில் ஆச்சரியம் இல்லை.

கடையில் வாங்கும்போது ஒரு சோதனை உண்டு. பக்கத்தில் டப்பா தொங்கும் மலிவு ஷாக்குகளில் சிலவற்றில் அந்த டப்பா வெறும் அழகுக்கு. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுத் தண்டை உள்ளே அமுக்கிப் பாருங்கள். உள்ளே அழுத்தம் இருந்தால் தண்டு தானாகவே மெல்ல வெளியே வரும். வராவிட்டால் அது கேஸ் ஷாக் இல்லை. நல்ல கடைக்காரர் இதைச் செய்துகாட்ட மறுக்க மாட்டார். அதோடு, தண்டை இழுப்பது அமுக்குவதைவிடக் கடினமாக இருக்க வேண்டும். ஸ்பிரிங் திருப்பியடிக்கும்போதுதான் எண்ணெய்க்குப் பெரிய வேலை.

ஸ்வீடனின் ஓலின்ஸ் முதல் தாய்லாந்தின் ஒய்.எஸ்.எஸ். வரை, பழைய வண்டிகளுக்கென்றே செய்து தரும் இங்கிலாந்தின் ஹேகன் வரை பேர் பெற்றவை பல இருக்கின்றன. பணம் இருந்தால் நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஷாக்கின் விலையைவிட அதன் நீளம் முக்கியம். மேல் கண் நடுவிலிருந்து கீழ்க் கண் நடுவரை, பழையதும் புதியதும் ஒன்றாக இருக்க வேண்டும். உயரம் கூடட்டும் என்று நீள ஷாக் போட்டால் பின்பக்கம் தூக்கும். தூக்கினால் முன் ஃபோர்க் நிமிரும், ஹேண்டில் தொட்டதற்கெல்லாம் திரும்பும். நெடுஞ்சாலையில் அது ஆபத்து. செயின் ஸ்விங் ஆர்மில் உரசும். பிரேக் ராடின் கோணம் மாறும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினால் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பாது, பஞ்சர் ஆனால் அன்றைக்குத் தெரியும் அதன் அருமை. குட்டை ஷாக் போட்டால் மட்கார்டில் டயர் இடிக்கும். நான் வாங்கியது இங்கே தயாரான, அதே நீளமுள்ள, படிப்படியாகச் சரிசெய்யும் வசதி உள்ள சாதாரண கேஸ் ஷாக். கண் புஷ்ஷின் துளை மட்டும் பொருந்தவில்லை. அதே டர்னர் ஸ்லீவ் கடைந்து கொடுத்தார். பழைய தகர உறை ஷாக்குகளைத் துடைத்து, எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். வண்டியோடு வந்தவை வண்டியோடு இருக்க வேண்டும்.

பொருத்திய பிறகு செய்ய வேண்டிய வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆள் உட்காரும்போது வண்டி எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பது. மொத்த அசைவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கலாம் என்பது கணக்கு. 80 மில்லிமீட்டர் அசைவு என்றால் 20 முதல் 27 வரை. பின் ஆக்சிலிலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு குறி, கையில் டேப், பிடித்துக்கொள்ள இரண்டு பேர். இதற்கு மேல் கருவி வேண்டாம். இறங்காமல் விறைத்து நின்றால் பள்ளம் வரும்போது சக்கரம் கீழே போக இடமில்லை, அந்தரத்தில் நிற்கும். ரொம்ப இறங்கினால் குழியில் அடி தட்டும்.

ஆனால் நம் ஊரில் புல்லட் தனியாளாகப் போகும் வண்டியா? வார நாளில் நான் ஒருவன், 70 கிலோ. ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவிலுக்குப் போனால் பின்னால் மனைவி, டாங்கில் பிள்ளை, ஹேண்டிலில் ஒரு பை. கூடுதலாகத் தொண்ணூறு கிலோ, அதில் பெரும்பகுதி பின்சக்கரத்தின் மேல். பெரியப்பா காலத்தில் அரிசி மூட்டையும் இதே சீட்டில்தான் வந்தது. வண்டி தன் சொந்த எடையில் இத்தனை பெரிய பங்கு கூடிக்குறைந்து ஓட வேண்டியிருக்கிறது. அதனால்தான் படி மாற்றும் வசதியை நான் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன். சி ஸ்பேனர் ஒன்றை டூல் பாக்ஸில் போட்டு வைத்து, ஞாயிறு காலை இரண்டு படி ஏற்றி, திங்கள் காலை இறக்கினால் போதும். ஒரு நிமிட வேலை. இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். சேலை கட்டி ஒரு பக்கமாக உட்காருகிறார்களே, இடப்பக்கம் ஒரு படி கூட்டலாமா என்று கேட்பார்கள், கூடாது. எடையை இரண்டு ஷாக்கும் ஸ்விங் ஆர்ம் வழியாகப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றை மட்டும் இறுக்கினால் ஸ்விங் ஆர்ம் முறுக்கிக்கொள்ளும்.

இப்போது வண்டி எப்படி இருக்கிறது? மெத்தென்று இல்லை. சொல்லப்போனால் முதல் நாள் நகருக்குள் ஓட்டியபோது முன்னைவிடக் கொஞ்சம் இறுக்கமாகத்தான் தெரிந்தது. வித்தியாசம் பிரேக் பிடிக்கும்போது வந்தது. வைகைப் பாலம் தாண்டி கோரிப்பாளையம் சிக்னலுக்கு வரும்போது முன்பெல்லாம் ஃபோர்க் தலைகுனிந்து அடி தட்டும், அந்த நேரத்தில் ஒரு மேடு வந்தால் டயர் தரையை விட்டுவிட்டுப் பிடிக்கும். டிரம் பிரேக் வண்டி அது. பிரேக் பிடிப்பதே கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சமும் டயர் தரையில் இருக்கும் நேரத்தில் மட்டுமே வேலை செய்யும். இப்போது ஃபோர்க் நிதானமாக இறங்கி அங்கேயே நிற்கிறது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் டிஸ்க் பிரேக் மாட்டுவதற்கு எவ்வளவோ செலவழிக்கிறார்கள். சஸ்பென்ஷனும் பிரேக்கின் ஒரு பாகம்தான் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு ஆசை.

கள்ளிக்குடிச் சாலையில் அறுபதில் போனேன். மேடு வருகிறது, வண்டி ஏறுகிறது, இறங்குகிறது, அடுத்த மேட்டுக்குள் அமைதியாகிவிடுகிறது. மேலூர்ப் பக்கக் குழியில் இன்னும் ஒரு அடி கேட்கத்தான் செய்கிறது. 19 அங்குல இரும்புச் சக்கரமும் டிரம்மும் சேர்ந்த எடையை எந்த ஷாக்கும் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட முடியாது. ஆனால் அடித்த பிறகு வண்டி தன் பாதையை விட்டு விலகுவதில்லை.

சட்டம் பற்றியும் கேட்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. தேய்ந்த ஷாக்கை அதே நீளத்தில், அதே இடத்தில், அதே போல்ட்டில் மாற்றுவது பராமரிப்பு என்பது என் புரிதல். ஃப்ரேமை வெட்டி ஒட்டுவது வேறு. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021 ஜூலையில் வந்த வின்டேஜ் விதிகள் இன்னும் கண்டிப்பானவை. வண்டி தன் மூல வடிவில் இருக்க வேண்டும்; சேஸிஸிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் கூடாது. அப்படிப் பதிவு செய்தால் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். என் வண்டிக்கும் ஐம்பது ஆக அதிக காலம் இல்லை. ஆனால் உசிலம்பட்டிக்கும் அழகர்கோவிலுக்கும் போகாத புல்லட்டை வைத்து நான் என்ன செய்வது? அதனால் சாதாரணப் பதிவையே ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்வதாக இருக்கிறேன்.

புது ஷாக்கும் ஃபோர்க்கும் போட்டவர்கள் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா போல்ட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். புது புஷ் உட்காரும்போது இறுக்கம் கொஞ்சம் தளரும், ரோலர் பேரிங்கும் அப்படித்தான். சீலுக்குக் கீழே விரலால் தடவி எண்ணெய் ஈரம் இருக்கிறதா பாருங்கள். முதல் எண்ணெயை முன்கூட்டியே மாற்றிவிடுவது நல்லது, பழைய குழாயில் ஒட்டியிருந்த அழுக்கெல்லாம் அதில் இறங்கியிருக்கும். என் வண்டியில் அடுத்து ஸ்போக் வேலை இருக்கிறது. பின்சக்கரத்தில் இரண்டு மூன்று கம்பி தளர்வாகச் சத்தம் கொடுக்கிறது. ஆடி மாதக் காற்று அடங்கியதும் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு போக வேண்டும்.